வெள்ளையனின் காலில் வாதமா, கல்லா?

கேள்வி: எங்கள் வெள்ளையனுக்கு 15 வயது. அப்பா இருந்த காலத்தில் சவாரி ஓடிய மாடு. இரண்டு மாதமாகப் பின் இடக்காலைக் கெந்திக் கெந்தி வைக்கிறான். வயசு வாதம், மூட்டில் சூடு போடு என்கிறார்கள் அயலவர்கள். தம்பி மனிசர் போடும் நோ மாத்திரை வாங்கி வந்திருக்கிறான். இறைச்சிக்குக் கேட்டும் ஆள் வந்துவிட்டது. என்ன செய்வது?
வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: பிள்ளை, முதலில் சூட்டுக்கோலை வளவுக்குள் வர விடாதீர்கள். சுட்ட புண்ணின் எரிவில் பழைய நோ மறைந்ததுபோலத் தெரியும். அவ்வளவுதான். மூட்டுக்கு ஒரு நன்மையும் இல்லை.

வயசு என்று முடிவு கட்டுமுன் குளம்பைப் பார்த்தீர்களா? நொண்டும் மாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நோ குளம்பில்தான், அதுவும் பின்காலென்றால் பெரும்பாலும் வெளிப்பக்கக் குளம்பில். முள்ளியவளைப் பக்கம் மூன்று மாதம் வாதமென்று எண்ணெய் பூசிய எருதொன்றை ஒருமுறை பார்த்தேன். தொடையில் இரண்டு சூட்டுத் தழும்பு. காலைக் கட்டித் தூக்கி, சேறு கழுவி, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் வெடுக்கென்று காலை இழுத்தது. அந்த இடத்தைச் சீவ, கறுத்த சீழ் வடிந்தது. உள்ளே பயறளவு கிரவல் கல். அந்தச் சீவலோடு நோ இறங்கியது. அந்தத் தழும்புகள் மட்டும் போகவேயில்லை.

எனவே குளம்பிடுக்கைக் கழுவி, முள், வெடிப்பு, கெட்ட மணம் உண்டா என்று பாருங்கள். பின்காலைத் தனியே தூக்க வேண்டாம். உதைத்தால் எலும்பு போய்விடும். பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் சொன்னால் மரத்தோடு அணைத்துக் கட்டித் தூக்கிப் பார்ப்பார்கள்.

குளம்பு சுத்தமென்றால் விடியக்காலையில் அவன் எழும்புவதைப் பாருங்கள். குதிரை முன்காலை ஊன்றி எழும்பும். மாடு பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். இடுப்பிலோ பின்முழங்காலிலோ தேய்வு இருந்தால் அந்த நேரத்தில்தான் தடுமாறும், இரண்டு மூன்று தரம் முயன்று பார்க்கும். எழும்பிப் பத்து நிமிடம் நடந்ததும் கெந்தல் குறைந்தால் மூட்டுத் தேய்வை நினைக்கலாம். நடக்க நடக்கக் கூடினால் திரும்பவும் குளம்பைத்தான் சந்தேகியுங்கள். மூட்டு வீங்கிச் சுட்டால், அல்லது வெயில் ஏறுமுன் பார்த்த உடல் வெப்பம் 39.5 பாகை செல்சியசுக்கு மேலே போனால், அன்றைக்கே வைத்தியரைக் கூப்பிடுங்கள். வாய்நீர் ஒழுகி மற்ற மாடுகளும் கெந்தினால் அது காலையும் வாயையும் தாக்கும் கால்-வாய் நோயாக (கோமாரி) இருக்கலாம். உடனே அறிவியுங்கள், பட்டியோடு சேர்க்காதீர்கள்.

தேய்ந்த மூட்டு புதிதாகாது, பிள்ளை. ஆனால் நோவைக் குறைக்கலாம். கொட்டில் நிலத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தி, மேலே வைக்கலைத் தடிப்பாகப் பரப்புங்கள். மாரியில் சேற்றிலே நின்றால் குளம்பும் ஊறிப்போகும். தண்ணீர்த் தொட்டியைக் கிட்டே வையுங்கள். காலையும் மாலையும் மணல் ஒழுங்கையில் கொஞ்ச நேரம் நடத்துங்கள். ஒரேயடியாகக் கட்டிவைத்தால் மூட்டு இறுகும். பரிதாபப்பட்டுத் தவிடு, புண்ணாக்கைக் கூட்டாதீர்கள், ஏறும் பாரமெல்லாம் அந்தக் காலுக்குத்தான்.

தம்பி வாங்கிய மாத்திரையைப் பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். நோ மருந்து அளவு பிசகினால் இரைப்பையில் புண் வரும், சிறுநீரகமும் கெடும். இரண்டு வகையைச் சேர்த்துக் கொடுப்பது அதைவிட மோசம். மெலொக்சிகாம் போன்ற மருந்தை மாட்டின் நிறையைக் கணக்குப் பார்த்து வைத்தியர் தருவார்.

இறைச்சிக்குக் கேட்டவரை அனுப்பிவிடுங்கள். தின்று, அசைபோட்டு, தானே எழும்புகிற மாட்டுக்கு இன்னும் காலம் இருக்கிறது. தானாக எழும்ப முடியாமல், தீனும் விட்டு, படுக்கைப் புண் வந்தால், அப்போது நோவில்லாமல் ஊசியால் அனுப்பிவைக்க வைத்தியரிடம் கேட்கலாம். அது அப்பாவுக்குச் செய்கிற துரோகமல்ல. குளம்பைப் பார்த்துவிட்டு, உள்பக்கமா வெளிப்பக்கமா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.