மார்க் 3 ஒன்றல்ல, இரண்டு

கேள்வி: மிச்சிகனில் வசிக்கிறேன். கான்டினென்டல் மார்க் 3 என்ற பழைய சொகுசு கார் வாங்கினேன். முன் பிரேக் செட் ஆர்டர் செய்தால், பொருந்தாத டிஸ்க் பேடுகள் வந்தன. விற்றவரோ, "மார்க் 3தானே கேட்டீர்கள்?" என்கிறார். காரிலேயே ஏமாந்துவிட்டேனா?

பதில்: காரில் குறை இல்லை, பெயரில்தான் குழப்பம். ஃபோர்டு நிறுவனம் அந்தப் பெயரை இரண்டு முறை வைத்தது. முதலில் 1958 மாடலுக்கு. அப்புறம் 1968 ஏப்ரலில் வந்த 1969 மாடலுக்கு. 1956-57ல் சுமார் 3,000 மட்டுமே செய்த மார்க் 2வுக்கு இந்த 1969 மாடல்தான் வாரிசு என்று சொல்லி, நடுவில் வந்த மார்க் 3, 4, 5 மூன்றையும் கணக்கிலிருந்தே விட்டுவிட்டார்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஹெட்லைட்டுகள் ஜோடியாகச் சாய்ந்து நிற்கின்றன. பின்கண்ணாடி உள்பக்கமாகச் சரிந்திருக்கிறது. சரி, இது 1958 வண்டி. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதற்கு ஷூதான் வேண்டும், பேடு டிஸ்க் பிரேக்குக்கு. 1969ல் ஹெட்லைட்டை மூடி மறைத்திருக்கும், டிக்கி மூடியில் டயர் வடிவப் புடைப்பு இருக்கும், முன்னால் டிஸ்க். அது ஃபோர்டின் தண்டர்பேர்டு காருடைய சட்டத்தில் நின்ற வண்டி. உங்களுடையதற்கும் அதற்கும் உறவே இல்லை.

தரகர்களிடம் கவனம். "மார்க் 2 பரம்பரை, கையால் செய்தது" என்று விலை ஏற்றுவார்கள். நம்பாதீர்கள். சுமார் 10,000 டாலருக்கு விற்றும் மார்க் 2வில் ஃபோர்டுக்கு நஷ்டம்தான். அதனால்தான் 1958ல் விலையைக் குறைத்து, மிச்சிகனின் விக்ஸம் ஆலையில், ஃபோர்டின் சொகுசுப் பிராண்டான லிங்கன் கார்களோடு சேர்த்தே செய்தார்கள்.

மார்க் 2 மட்டும் தனிக் கதை. அது லிங்கனே அல்ல. கான்டினென்டல் என்ற தனிப் பிரிவு செய்தது. 1956 வண்டியின் எண் சி56 என்று தொடங்கும். டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்திலும் தயாரிப்பாளர் பெயர் கான்டினென்டல் என்றே இருக்க வேண்டும். ஒரு நண்பருக்காக இதைத் திருத்த வாகனப் பதிவு அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். கணினிப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லையாம், அதனால் லிங்கன் என்றுதான் போடுவார்களாம்! எழுபது வருடமாக இருக்கும் வண்டியைப் பட்டியலில் சேர்க்க இன்னும் எத்தனை வருடம் வேண்டும்?

உதிரிபாகக் கடைக்காரர்களும் அப்படித்தான், ஆண்டையே கேட்பதில்லை. மார்க் எண்ணைச் சொல்லாமல், "1958 லிங்கன், 430 இன்ஜின், முன் பிரேக் ஷூ" என்று கேளுங்கள். வந்த பேடுகளைப் பெட்டியோடு வைத்திருங்கள். திருப்பி எடுக்காவிட்டால், 1969 வண்டிக்காரர் யாராவது வாங்கிக்கொள்வார்.