ஒரே ஒரு உலர்திராட்சை போதும்

கேள்வி: 'செய்வதைக் கவனித்துச் செய்' என்கிறார்கள். சாப்பிடும்போது முயன்றால் நாலாவது கவளத்திலேயே மனசு ஆபீஸுக்குப் போய்விடுகிறது. எங்கே தவறு?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முழுச் சாப்பாட்டில் தொடங்கியதுதான். சோறு, குழம்பு, பேச்சு, டிவி என்று அத்தனை இருக்கும்போது புதிதாகப் பழகுகிறவருக்குப் பிடி கிடைக்காது. அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979-ல் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சி 8 வாரம் நடக்கும். அதன் தொடக்கத்தில் கையில் தருவது உலர்திராட்சை. பாயசத்துக்கு வாங்கியதில் ஒன்றை எடுங்கள்.

ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். திராட்சையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடிப்புகளின் மேடு பளபளக்கும், பள்ளம் கறுத்திருக்கும். ஒரு முனையில் காம்பு இருந்த தழும்பு தெரியும். விரலால் உருட்டுங்கள், முகருங்கள். அதற்குள்ளேயே பலருக்கு எச்சில் ஊறிவிடும், அதையும் கவனியுங்கள். நாக்கில் வைத்துக் கடிக்காமல் விட்டால் இனிப்பு அவ்வளவாகத் தெரியாது. ஒரு கடி கடித்தால்தான் பரவும். விழுங்கத் தோன்றுவதைக் கவனித்த பிறகே விழுங்குங்கள்.

நடுவில் மனசு ஓடத்தான் செய்யும். ஓடியது தெரிந்ததும் திட்டிக்கொள்ளாமல் திராட்சைக்குத் திரும்புகிறீர்களே, பயிற்சியே அதுதான். மனசைக் காலியாக்கப் பார்க்கிறவர்கள் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். 'நல்லா இருக்கு', 'பழசு போல' என்று மார்க் போடுவதும் ஒரு சறுக்கல். தீர்ப்பு சொன்னதும் கவனிப்பது நின்றுவிடும். 'புளிப்பு, பல்லில் ஒட்டுகிறது' என்ற அளவில் நிறுத்துங்கள்.

அப்புறம் சாப்பாட்டுக்கு வரலாம், அதுவும் முதல் மூன்று கவளம் மட்டும்.

கேள்வி: தனியாக உட்கார நேரமே இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது செய்யலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமாக. விரல்களை மட்டும் கவனியுங்கள்: சோப்பின் வழுக்கல் போய், எவர்சில்வரில் விரல் கீச்சென்று பிடிக்கும் வரை. ஸ்கூட்டர் ஓட்டும்போது மட்டும் மூச்சைக் கவனிக்கிறேன் என்று இறங்காதீர்கள். அங்கே கவனம் சாலையில்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: மூச்சைக் கவனித்தால் நெஞ்சு இறுகுகிறதே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கவனிக்கிறோம் என்று பலர் தம்மை அறியாமலே மூச்சை இழுத்துப் பிடிக்கிறார்கள், இறுக்கம் அதனால் வரலாம். மூச்சைக் கவனிப்பதை விட்டுவிட்டு, தரையில் பதிந்த பாதத்தையோ தெருவில் கேட்கும் சத்தத்தையோ கவனியுங்கள். கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம். பயிற்சி செய்யாத நேரத்திலும் நெஞ்சு இறுகினால், தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.