ஷாகுஹாச்சி என்னும் ஜப்பானியக் குழலை நானே மூங்கிலில் செய்து, அதிலேயே வாசிக்கப் பழகலாமா?

பழகலாம். ஆனால் அந்த வரிசையில் வேண்டாம். முதலில் வாசிக்கப் பழகுங்கள், அப்புறம் செய்யுங்கள். நீங்களும் என்னைப் போல நம் ஊர்ப் புல்லாங்குழலைக் கொஞ்சம் வாசித்தவர் என்று நினைக்கிறேன். அந்தத் தைரியம்தான் என்னைக் கவிழ்த்தது.

சிறுவயதில் ஆறு வருடம் கர்நாடகக் குழல் படித்தவன் நான். வேலைக்காக ஒசாகா வந்த பிறகு ஒரு சென்செயிடம், அதாவது ஆசிரியரிடம், ஷாகுஹாச்சி கற்கச் சேர்ந்தேன். இதை நேராகப் பிடித்து, மேல்முனையில் சரிவாகச் சீவிய விளிம்பில் ஊத வேண்டும். முன்னால் நான்கு துளை, பின்னால் ஒன்று. பெயரே அளவுதான்: பழைய ஜப்பானிய நீள அளவில் ஒரு ஷாகு, எட்டு (ஹாச்சி) சுன், அதாவது சுமார் 54.5 செ.மீ. ஐந்து துளைதானே, நமக்குத் தெரியாத மூங்கிலா என்று இரண்டாம் மாதமே செய்யக் கிளம்பிவிட்டேன்.

மதாகே என்ற மூங்கிலைக் குளிர்காலத்தில் வேரோடு எடுக்க வேண்டும். கியோத்தோ பக்கம் ஒரு விவசாயியின் தோப்பில் ஜனவரியில் தோண்டினேன். ஒரு கழிக்கு அரை நாள் ஆனது. கரி நெருப்பில் காட்டக் காட்ட எண்ணெய் கசியும், துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு வெயிலில் வைத்தால் பச்சை போய் வெளிர் மஞ்சளாகும். அதுவரை சரியாகவே செய்தேன். அப்புறம் அது சில வருடம் நிழலில் கிடந்து உலர வேண்டும். நானோ மே மாதமே கணுக்களைத் துளைத்துவிட்டேன்.

சத்தமே வரவில்லை, காற்றுதான் வந்தது. விளிம்பில் கோளாறு என்று அரத்தால் தேய்த்தேன். மறுபடி தேய்த்தேன். மூன்றாவது முறையும் தேய்த்துவிட்டு, சென்செயிடம் கொண்டுபோனேன். அவர் உதட்டில் வைத்ததும் ‘ரோ’ எழுந்தது. எல்லாத் துளைகளையும் மூடி ஊதும் அடி ஸ்வரம் அது, அறையே நிறைந்தது. கோளாறு என் உதட்டில்தான் இருந்திருக்கிறது. ஆனால் தேய்த்த தேய்ப்பில் சுருதி ஏறிப்போயிருந்தது. வாசிக்கத் தெரியாத நான், குழலில் குறையா என் ஊதலில் குறையா என்று எப்படிக் கண்டுபிடித்திருப்பேன்? அடுத்த குளிர்காலத்தில், ஹீட்டர் ஓடிய அறையில் ஓர் இரவு ‘டக்’ என்று நீளவாக்கில் வெடித்தது. நூல் சுற்றி இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒரே வாரத்தில் செய்து வாசித்தவர்களும் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. பிவிசி குழாய் போதாதா என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன், பழகுவதற்குத் தாராளமாகப் போதும். அதில் எந்த அவமரியாதையும் இல்லை. ஆனால் நம் கமகத்தை அப்படியே கொண்டுபோகலாம் என்று எண்ணாதீர்கள். இங்கே ஸ்வரத்தை இறக்க விரல் மட்டும் போதாது, தாடையையும் தாழ்த்த வேண்டும். ‘தலையாட்டவே மூன்று வருடம்’ என்று ஜப்பானில் சொல்வார்கள். எனக்கு ரோ அசையாமல் நிற்கவே ஏழு மாதம் ஆனது.

அந்த ஏழு மாதமும் யோதோ ஆற்றங்கரையில்தான் பயிற்சி. என் வாடகை ஒப்பந்தத்தில் இசைக்கருவி கூடாது என்று இருக்கிறது. அந்த வீடு கிடைத்ததே பெரிய பாடு. வெளிநாட்டவருக்குக் கொடுப்பதில்லை என்று நான்கு இடங்களில் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சம்பளச் சீட்டு, உத்தரவாதம் எல்லாம் கையில் இருந்தும்தான். கேள்விக்கு இது சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் கொட்டும் பனியில் ஆற்றங்கரையில் விரல் விறைத்து நின்றபோதெல்லாம் அந்த நான்கு முகங்களும்தான் நினைவுக்கு வந்தன.

பிறகு தோண்டிய இரண்டு கழிகள் அலமாரி மேல் கிடக்கின்றன. வருகிற ஜனவரியில் மூன்று வருடம் முடிகிறது. சென்செய் இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்கிறார். சரி என்று விட்டுவிட்டேன்.