மிருதங்கத்தில் மட்டும் மடங்கும் விரல்

கேள்வி: வயது 42. மிருதங்கம் வாசிக்கிறேன், சொல்லியும் தருகிறேன். ஆறு மாதமாக மேல்காலத்தில், அதாவது வேகமாக, வாசிக்கும்போது வலது மோதிர விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்கிறது. ‘நம்’ என்ற சொல் (மிருதங்க ஒலி) சுத்தமாக விழவில்லை. வலி இல்லை. சாப்பிட, எழுத, பொத்தான் போடச் சிரமமில்லை. இமை துடிக்கிறது, மேடை ஏறும்முன் கை நடுங்குகிறது, காலையில் கை மரத்திருக்கிறது, விரல்களில் சொடக்குச் சத்தம் கேட்கிறது. இணையத்தில் தேடினால் பார்க்கின்சன் என்று வருகிறது. சாதகத்தை (தினப் பயிற்சியை) ஆறு மணி நேரமாக்கினேன். மருந்துக் கடையில் நரம்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். பயனில்லை. வாசிப்பை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: முதலில் அந்த ஆறு மணி நேர சாதகத்தை இன்றே நிறுத்துங்கள். மாத்திரையையும்தான். அதைக் கொடுத்த கடைக்காரர் உங்கள் விரலைப் பார்த்தாரா?

பார்க்கின்சன் மிருதங்கத்தை மட்டும் தேடிப்பிடித்துத் தாக்காது. பொத்தான் போடுவது, எழுதுவது, நடப்பது என எல்லாமே மெதுவாகும்; கையெழுத்து சிறுத்துப்போகும். இமைத் துடிப்புக்குப் பெரும்பாலும் நல்ல தூக்கம் போதும். மேடை நடுக்கம் பெரிய வித்வான்களுக்கும் உண்டு. சொடக்கை மறந்துவிடுங்கள். காலை மரப்பு எப்போதாவது வந்து போனால் பயமில்லை; அடிக்கடி வந்தால், உதறியதும் போய்விட்டாலும், மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். பகலிலும் சுண்டுவிரல் மரத்தே இருந்தால் முழங்கையில் நரம்பு அழுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ‘வலி இல்லை’ என்பதுதான் என்னை நிறுத்தியது. வலியில்லாமல், ஒரே வேலையில் மட்டும், குறிப்பிட்ட ஒரு விரல் சொல்பேச்சுக் கேட்காமல் போவது இசைக்கலைஞர்களுக்கு வரும் டிஸ்டோனியாவின் (மூளையின் கட்டளை பிசகித் தசை தானாக இறுகும் நோயின்) அடையாளம். வலி இருந்திருந்தால் ஓய்வு எடுத்திருப்பீர்கள். இல்லாததால் சாதகம் போதவில்லை என்று நினைத்து இன்னும் அடித்திருக்கிறீர்கள். இந்த நோயில் செய்யக்கூடாதது அதுதான்.

ஒரு மிருதங்கச் சொல்லைக் கற்கும்போது மூளை ஆள்காட்டி விரலைத் தட்டச் சொல்வதோடு நிற்பதில்லை. அதே கணத்தில் மற்ற விரல்களை அடக்கி வைக்கவும் பழகுகிறது. ‘நம்’ ஒலிக்க மோதிர விரல் தோலின் மேல் லேசாகப் பட்டும் படாமலும் இருந்தாக வேண்டும். டிஸ்டோனியாவில் அந்த அடக்கும் வேலை தவறிப்போகிறது. மூளையில் தனித்தனியே இருக்க வேண்டிய விரல்களின் இடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். மடங்கிய விரலோடு நீங்கள் வாசிக்கும் ஒவ்வொரு ஆவர்த்தனமும் (தாளச் சுற்றும்) அந்தத் தவறையே பாடமாக்குகிறது.

வாசிப்பை விட வேண்டுமா என்றால், வேண்டாம். ஆனால் பழைய கை அப்படியே திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு 1960களில் வலக்கையின் கடைசி இரு விரல்கள் இப்படி மடங்கின. முப்பது ஆண்டுகள் பெரும்பாலும் இடக்கைக்கென எழுதப்பட்ட இசையையே வாசித்தார். 1990களில் போட்டாக்ஸ் ஊசியின் உதவியோடு இரு கைகளாலும் மேடையேறினார். முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே மருந்துதான். முன்கையில் சரியான தசையைக் கண்டுபிடித்து அளவோடு போட வேண்டும். ஏறக்குறைய மூன்று மாதம் வேலை செய்யும். அளவு கூடினால் விரல் துவண்டுவிடும். இதற்கு மாத்திரையும் உண்டு, ஆனால் வாய் உலரும், மறதி வரும். நீங்களாக வாங்கக் கூடாது. இவற்றைவிட முக்கியமானது மறுபயிற்சி: விரல் மடங்காத காலப்பிரமாணத்தை (வேகத்தை) கண்டுபிடித்து, அதற்குக் கீழேயே, கொஞ்ச நேரம் மட்டும் வாசிப்பது. மடங்கத் தொடங்கும் முன்பே கையை எடுத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். உங்களைப் போன்றவர்களுக்கு ஊசியைவிட இதுதான் கசக்கும்.

இயக்கக் கோளாறுகளைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் இந்த மாதமே போங்கள். பொத்தான், பேனா, கரண்டி என்று மற்ற வேலைகளுக்கும் மடங்கல் பரவினால் அன்றே போங்கள். மிருதங்கத்தையும் எடுத்துச் செல்லுங்கள். வெறும் கையை மேசைமேல் நீட்டினால் எந்த மருத்துவரும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் அனுப்புவார்.