குவார்ட்ஸ் அரவை ஆலை: முகத்தில் துணி கட்டினால் போதுமா?

கேள்வி: குவார்ட்ஸ் கல்லை மாவாக அரைக்கும் ஆலையில் மூட்டை நிரப்பும் வேலை பார்க்கிறேன். முகத்தில் துணி கட்டிக்கொள்கிறேன். தூசியும் பெரிதாகத் தெரிவதில்லை. எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை என்றார்கள். பயப்பட வேண்டுமா?

பதில்: துணி போதாது. கண்ணில் படுகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியேறிவிடும். நுரையீரலின் காற்றறை வரை போவது சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவே உள்ள சிலிகாத் துகள். குவார்ட்ஸ் என்பதே சிலிகாதான். அது துணியின் இழைகளுக்கு நடுவே நுழைந்துவிடும். அப்போதே உடைபட்ட சிலிகா, நாள்பட்ட தூசியைவிடக் கொடியது. உங்கள் ஆலையில் பறப்பது முழுக்கப் புதியதுதான். வேலையிடக் காற்றில் இருக்கலாம் என அமெரிக்காவில் 2016-இல் கொண்டுவந்த நுண் சிலிகாத் தூசி வரம்பு, 8 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த நேரத்தில் ஒருவர் இழுக்கும் காற்று சுமார் 10 கன மீட்டர். கணக்குப் போட்டால் ஒரு ஷிஃப்டுக்கு அரை மில்லிகிராம்தான் உச்சம்! கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாததாலேயே தூசி குறைவு என்று நம்ப முடியாது.

முகமூடியைப் பற்றி யோசிக்கும் முன், மூட்டை நிரப்பும் குழாயைக் கவனியுங்கள். மூட்டை நிறைந்ததும் உள்ளே காற்றழுத்தம் இருக்கும். உடனே உருவினால் மூட்டையின் வாய் வழியே மாவு பீய்ச்சும். உங்கள் முகத்துக்கு நேரே வருவது அதுதான். நிரப்பு நின்றபின் சில விநாடிகள் மூட்டையைக் குழாயிலேயே விட்டு, உறிஞ்சு குழாய் அந்தக் காற்றை இழுத்தபின் எடுக்க வேண்டும். உறிஞ்சிய தூசியைத் துணிப் பைகளில் வடிகட்டும் பேக் ஃபில்டரின் அழுத்தமானியையும் பார்க்கச் சொல்லுங்கள்: வழக்கத்தைவிட ஏறினால் பை அடைத்திருக்கலாம், திடீரென இறங்கினால் கிழிந்திருக்கலாம்.

கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதுவதும், தரையை உலர் துடைப்பத்தால் பெருக்குவதும் வேண்டவே வேண்டாம். படிந்ததை நீங்களே மறுபடி காற்றில் கிளப்பிவிடுகிறீர்கள். நுண்வடிகட்டி உள்ள வேக்யூம் அல்லது ஈரத் துடைப்பு மட்டும். வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் முகமூடி. என்95 அல்லது வடிகட்டி மாற்றக்கூடிய அரைமுக மூடி, முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் ஒழுகும்.

எக்ஸ்ரே சுத்தம் என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. சிலிகாத் தூசியால் நுரையீரலில் தழும்பேறும் நோய் சிலிக்கோசிஸ். அதன் சாதாரண வகை படத்தில் தெரிய 10 ஆண்டுக்கு மேல் ஆகலாம். தூசி மிக அதிகமானால் சில ஆண்டுகளிலேயே முற்றும். வந்தபின் குணமாக்க மருந்தில்லை, காசநோய் வாய்ப்பும் கூடும். ஆகவே எக்ஸ்ரேயோடு மூச்சுத்திறன் சோதனையையும் குறித்த இடைவெளியில் செய்து, பழைய அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவரிடம் “இருமல்” என்று மட்டும் சொல்லாதீர்கள். குவார்ட்ஸ் மாவில் எத்தனை ஆண்டு வேலை, எந்தப் பிரிவு என்பதையும் சொல்லுங்கள்.