கொரோனா ஆண்டில் வணிக நேர்மை பேசிய லாபநோக்கற்ற அமைப்புகளால் யாருக்காவது உண்மையில் பயன் கிடைத்ததா?

கிடைத்தது. எல்லா அமைப்பையும் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் தொழிலில் ஒரு அமைப்பு செய்ததை மட்டும் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரை ஓட்டும் வேலை. 2020 மார்ச்சில், ஊரடங்குக்குச் சில நாள் முன்பு, ஒரு பையரிடமிருந்து மெயில் வந்தது. மறுதகவல் வரும்வரை எதையும் கப்பல் ஏற்ற வேண்டாம் என்று நான்கே வரி. அந்த நேரம் பேக்கிங் டேபிளில் அவர்களுடைய குழந்தைகள் டி-ஷர்ட்டுகள் பாலிபேக்கில் மடித்து அட்டைப்பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அவர்கள் கடை விலை யூரோவில் அச்சடித்த டேக். அந்த டேக்கோடு வேறு யாருக்கும் விற்க முடியாது. டேக்கை அறுத்து, லேபிளைப் பிரித்து, மிச்சச் சரக்கு விற்கும் காதர்பேட்டை சந்தைக்குக் கொண்டுபோனால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். அந்த வாரம் அப்படிக் கேட்கவும் ஆள் இல்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு இது புரிய வேண்டும்: இந்தத் தொழிலில் பையர் பெரும்பாலும் முன்பணம் தருவதில்லை. நூல், நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங், தையல் கூலி எல்லாவற்றையும் முதலாளி பேங்க் கடனில் போடுகிறார். சரக்கு கப்பல் ஏறி 60 நாள், 90 நாள் கழித்துத்தான் பணம் வரும். நடுவில் ஆர்டரை நிறுத்தினால் அடி முழுவதும் எங்கள் மேல்தான் விழும். அதிலும் முதல் அடி சனிக்கிழமை சம்பளத்தை நம்பி இருக்கிறவர்களுக்கு.

இத்தனைக்கும் வணிக நெறி என்ற பேச்சு எங்களுக்குப் புதிதில்லை. வருடா வருடம் ஆடிட் வரும். தீயணைப்பான் தேதி, கழிப்பறை எண்ணிக்கை, ஓவர்டைம் பதிவேடு எல்லாம் பார்ப்பார்கள். தேவையான சோதனைதான், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் சோதனை எப்போதும் எங்களுக்கு மட்டும்தான். வாங்குபவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாரா என்று பார்க்க யாரும் வந்ததில்லை. 2019 ஆகஸ்டில் அமெரிக்கப் பெரிய நிறுவனத் தலைவர்களின் சங்கமான பிசினஸ் ரவுண்ட்டேபிள் வெளியிட்ட அறிக்கையில் 181 தலைமை அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். சப்ளையர்களிடம் நியாயமாக நடப்போம் என்பதும் அதில் ஒன்று. நல்ல வார்த்தைதான். ஆனால் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

நான் சொல்ல வந்த அமைப்பு வாஷிங்டனில் இருக்கும் ஒர்க்கர் ரைட்ஸ் கன்சோர்டியம், தொழிலாளர் உரிமையைக் கண்காணிக்கும் அமைப்பு. தங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட சட்டையை யார், என்ன கூலிக்குத் தைக்கிறார்கள் என்று அமெரிக்க மாணவர்கள் கேட்கப் போய் 2000-ல் உருவானது. ஆடை நிறுவனங்களிடம் அது பணம் வாங்குவதில்லை. நேர்மையைப் பற்றிப் பேசும் எந்த அமைப்பிலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவரிடமே சம்பளம் வாங்கினால் குரல் எழும்பாது.

2020 மார்ச் கடைசியில், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆனர் என்ற பேராசிரியர் இந்த அமைப்போடு சேர்ந்து, வங்கதேச ஃபேக்டரிகளிடம் நடத்திய கருத்துக்கணிப்பை வெளியிட்டார். ஆர்டரை ரத்து செய்த பையர்களில் சுமார் 72 சதவீதம் பேர் ஏற்கனவே வாங்கிவிட்ட துணி மாதிரியான மூலப்பொருளுக்குக்கூடப் பணம் தர மறுத்தார்கள் என்று அதில் வந்திருந்தது. படித்தபோது எங்கள் ஆபீஸ் மெயில் பெட்டியையே திறந்து பார்ப்பது போல இருந்தது.

அப்புறம் அவர்கள் செய்ததுதான் முக்கியம். இணையத்தில் ஒரு பட்டியல் போட்டார்கள். முடிந்த ஆர்டருக்கும் தயாரிப்பில் இருக்கும் ஆர்டருக்கும் முழுப் பணம் தருவதாக உறுதி கொடுத்த பிராண்டுகள் ஒரு பக்கம், கொடுக்காதவை இன்னொரு பக்கம். அவ்வளவுதான். ஹெச் அண்ட் எம் ஆரம்பத்திலேயே உறுதி கொடுத்தது. அதே சமயத்தில் ரீமேக் என்ற இன்னொரு லாபநோக்கற்ற அமைப்பு #பேஅப் (பணத்தைக் கொடு) என்று கையெழுத்து வேட்டை தொடங்கியது. வாங்குகிற மக்களே பிராண்டுகளின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போய், தைத்தவர்களுக்குப் பணம் கொடுத்தாயா என்று கேட்டார்கள். வாரம் போகப் போக ஒவ்வொரு பெயராகப் பட்டியலில் உறுதி கொடுத்தவர்கள் பக்கம் வந்தது. உலக அளவில் 2,200 கோடி டாலர் இப்படித் திரும்பக் கிடைத்ததாக ரீமேக் கணக்குச் சொல்கிறது.

எங்கள் பையர் ஏப்ரலில் 30 சதவீதம் தள்ளுபடி கேட்டார். அடுத்த சீசன் ஆர்டர் போய்விடுமோ என்று முதலாளிக்குப் பயம், கொடுத்துவிடலாம் என்றார். நான் அந்தப் பட்டியலின் லிங்க்கை வைத்து, மற்றவர்கள் முழு விலை தருகிறார்களே, நீங்களும் தர வேண்டும் என்று மரியாதையாக ஒரு மெயில் எழுத அனுமதி கேட்டேன். இரண்டு நாள் யோசித்து, சரி அனுப்பு என்றார். ஜூலையில் பதில் வந்தது: பேக் செய்த சரக்கு முழு விலைக்கு எடுத்துக்கொள்கிறோம், கட்டிங் மட்டும் முடிந்ததற்குப் பொறுப்பில்லை. என் மெயிலால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்பதற்கு எனக்குத் தைரியம் கொடுத்தது அந்தப் பட்டியல்.

ஒரு குறையும் இருந்தது. ஃபேக்டரிக்குப் பணம் தருவதாக யார் உறுதி கொடுத்தார்கள் என்பதைப் பட்டியல் காட்டியது. அந்தப் பணம் தைத்தவர் கைக்குப் போனதா என்பதைக் காட்டவில்லை. எங்கள் செக்கிங் பிரிவில் திண்டுக்கல்லில் இருந்து வந்து வேலை பார்த்த அக்கா ஒருவர் செப்டம்பரில் திரும்பி வந்தார். மார்ச் கடைசி வாரச் சம்பளம் அவருக்கு அன்றுதான் கிடைத்தது. கவரைப் பிரிக்காமலே பையில் வைத்துக்கொண்டு டேபிளுக்குப் போனார். ஒடிசாவிலிருந்து வந்திருந்த பையன்கள் சிலர் திரும்பவே இல்லை. அவர்களில் இரண்டு பேருடைய போன் நம்பர் எங்களிடம் இல்லாததால் பாக்கியை அனுப்பவும் முடியவில்லை. அது எங்கள் தவறு.

இப்போது புது ஆர்டர் வந்தால் விலைக்கு முன்னால் ரத்து செய்யும் நிபந்தனையைப் படிக்கிறேன். கட்டிங் தொடங்கிய பிறகு நிறுத்தினால் துணிக்கும் கூலிக்கும் பையர் பணம் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி எல்லோருக்கும் எழுதினோம். மூன்று பையர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்த டி-ஷர்ட் பையரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. மாதம் ஒரு தடவை நினைவூட்டி மெயில் போடுகிறேன்.