கொட்டானும் செம்பும்: எக்ஸ்ரே படம் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வீட்டுச் சாமான்களை எக்ஸ்ரே எடுத்துக் கலைப்படமாக்குவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, தெரிந்த ஸ்கேன் சென்டரில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து முயன்றோம். பனையோலைக் கொட்டான் ஒன்று, பித்தளைச் செம்பு ஒன்று. செம்பை நடுவிலும் கொட்டானைப் பக்கத்திலும் வைத்து 65 கே.வி. (கிலோவோல்ட்) மின்னழுத்தம் போட்டு, மற்றதை மெஷினே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டோம். செம்பு வெள்ளைக் கட்டியாக விழுந்தது. கொட்டான் இருந்த இடமே தெரியவில்லை. எங்கே தப்பு? அடுத்து எங்கள் ஊர் வில்லுப்பாட்டுக் குழுவின் வில்லை மணிகளோடு எடுக்க ஆசை. முடியுமா?

மு., பாளையங்கோட்டை

அன்புள்ள மு.,

மெஷினில் பழுது ஏதுமில்லை. இரண்டையும் ஒரே படத்தில் கேட்டதுதான் தப்பு. எக்ஸ்ரேக்கு மேற்பரப்பு தெரியாது. வழியில் என்ன பொருள், எவ்வளவு கனம் என்பதுதான் படமாகிறது. குறைந்த கே.வி.யில் கதிரை விழுங்கும் அளவு ஏறத்தாழ அணு எண்ணின் முப்படியாக ஏறும். ஓலையில் இருப்பது கார்பன், ஆக்சிஜன் போன்ற இலேசான அணுக்கள். பித்தளையில் தாமிரமும் துத்தநாகமும்.

இதில் தானியங்கி அளவும் சேர்ந்துகொண்டது. கதிரை எப்போது நிறுத்துவது என்பதை நடுவில் உள்ள உணரி முடிவு செய்யும். அதன்மேல் செம்பு உட்கார்ந்ததால், போதிய கதிர் வரவில்லை என்று எண்ணி உச்ச வரம்பு வரை மெஷின் ஓடியிருக்கும். பக்கத்தில் இருந்த ஓலைக்கு அது பலமடங்கு அதிகம்; படம் பதியும் தட்டான டிடெக்டர் நிரம்பி வழிந்து, அங்கே எல்லாம் கறுப்பாகிவிட்டது. சாமான் எடுக்கும்போது எப்போதும் மேனுவல்தான். சின்ன எம்.ஏ.எஸ்.ஸில் (கதிரின் மொத்த அளவு) தொடங்கி, இரட்டிப்பாக்கி இரட்டிப்பாக்கி மூன்று படம் எடுங்கள்.

செம்பின் தகடு 1 மி.மீ. என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 2 மி.மீ. 65 கே.வி.யில் மறுபக்கம் ஒன்றும் வராது. 110 முதல் 120 வரை ஏற்றினால் சுவர் வழியே ஊடுருவி, உள்விளிம்பும் பற்றவைத்த மூட்டும் தெரியும். வார்ப்புக் குத்துவிளக்கைத் தொடாதீர்கள். தண்டு 2 செ.மீ. கனத்துக்குத் திட உலோகமாக இருந்தால் ஆஸ்பத்திரி மெஷின் போதாது. தொழிற்சாலைகளில் வெல்டிங் சோதிக்கும் 300 கே.வி. கருவி வேண்டும்.

கொட்டானுக்கு நேர் எதிர். மார்பகப் படம் எடுக்கும் மேமோகிராம் மெஷினில் 25 முதல் 28 கே.வி. 1930களில் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் டெய்ன் டாஸ்கர் பூவிதழ்களை எடுத்ததும் இப்படி மென்மையான கதிரில்தான். அழுத்தும் பலகையைக் கழற்றிவிட்டு, கொட்டானை வாய் மேலே இருக்கும்படி வையுங்கள். கதிர் வரும் குழாயிலிருந்து டிடெக்டர் 65 செ.மீ., கொட்டான் உயரம் 15 செ.மீ. என்றால் மேல்விளிம்பு 1.3 மடங்கு பெரிதாக விழும். அடிப்பகுதி அதனுள் அடங்கி, முடைந்த ஓலை பூப்போல விரியும். கவிழ்த்து வைத்தால் வாயும் அடியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பின்னல் குழம்பும். தட்டு 24×30 செ.மீ.தான். 18 செ.மீ. வாய் 23.4 ஆகிவிடும், அதற்கு மேல் அகலம் வேண்டாம். செலோடேப் ஒட்டினால் இந்தக் கே.வி.யில் அதுவும் தெரியும். தாங்குவதற்குத் தெர்மாகோல்தான் நல்லது.

வில் கட்டாயம் முடியும், செய்யுங்கள். படுக்கவைக்காதீர்கள். மணிக்குள் இருக்கும் குண்டு டிடெக்டர் பக்கமாக விழுந்து, படத்தில் மணியின் நடுவில் போய் நிற்கும். நெஞ்சுப்படம் எடுக்கும் ஸ்டாண்டில், மேடையில் இருப்பதுபோலவே நிமிர்த்தி நிறுத்துங்கள். குண்டு தொங்கும் இடத்திலேயே இருக்கும். தூரம் 180 செ.மீ., கதிர் கிளம்பும் புள்ளி (குவியம்) சிறியது, 0.6 மி.மீ. மணி டிடெக்டரிலிருந்து 20 செ.மீ. தள்ளியிருந்தாலும் விளிம்பு மங்கல் 0.08 மி.மீ.க்குள் நிற்கும். 100 செ.மீ.யில், 1.2 மி.மீ. குவியத்தில் அது 0.3. தூரம் கூடியதற்கு எம்.ஏ.எஸ். 3.24 மடங்கு வேண்டும்.

குழாயையும் தட்டையும் அசைக்காமல், வில்லை 35 செ.மீ. வீதம் நகர்த்துங்கள். 43 செ.மீ. தட்டில் 8 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று விழும். இணைக்கும்போது ஒவ்வொரு படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுங்கள், ஓரத்தில் கதிர் சாய்வதால் மணிகள் ஒருக்களித்து விழுந்திருக்கும். 3 மீட்டர் வில்லுக்கு 9 இடம். வளைவு உயரமானால் இரண்டு வரிசை. ஒவ்வொரு இடத்திலும் தொடாமல் இரண்டு படம்: மரத்துக்கும் தோல் நாணுக்கும் 50 கே.வி., மணிக்கு 115. சிதறும் கதிரைத் தடுக்கும் கிரிட் சட்டத்தைக் கழற்றிவிடுங்கள். 50இல் வெள்ளையாக விழுந்த மணியின் வடிவமே, 115இல் எடுத்ததை எங்கே ஒட்டுவது என்று காட்டிவிடும்.

கோப்பை, மெஷின் தரும் மூல மருத்துவப் பட வடிவமான டைகாமாகவே கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஜேபெக்கில் மணிச்சுவரின் சாம்பல் படிகள் போய்விடும்.

இன்னொன்று, இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். சென்டரின் உரிமம் யார் பேரில் இருக்கிறதோ அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பயிற்சி பெற்ற டெக்னீஷியன்தான் இயக்க வேண்டும். ஒரு மணி ஆடுகிறது என்று யாரும் கையால் பிடிக்கக் கூடாது, அனைவரும் தடுப்புக்குப் பின்னால். பழைய இரும்புக் கடையில் எக்ஸ்ரே குழாய் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்கவே வாங்காதீர்கள். எடுத்து முடித்த வில்லில் கதிர் எதுவும் தங்காது. அன்று இரவே கச்சேரிக்குக் கொண்டுபோகலாம்.